120 மணி நேரம் எங்கே போகிறது? இயங்கலைக் கல்லூரிப் பாடங்களின் தரம் குறித்து ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இயங்கலை வழியாக டிப்ளோமா, இளங்கலைப் பாடங்களை நடத்தும் தனியார் கல்லூரிகளின் கல்வி மன்ற உறுப்பினர்களுக்கும் தர உறுதிப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

இயங்கலைப் பாடங்களுக்கான தர விதிகளை எழுத உட்காரும்போது, தாளின் தலைப்பில் முதலில் ஓர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: 120.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர மாணவர் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். குறைந்தது 90 கிரெடிட் கொண்ட டிப்ளோமா 3,600 மணி நேரம். 120 கிரெடிட் கொண்ட இளங்கலைப் பட்டம் 4,800 மணி நேரம். இது விரிவுரையாளர் பேசும் நேரம் அல்ல. வகுப்பு, வாசிப்பு, பயிற்சி, இடுபணி, தேர்வு, தேர்வுக்கான தயாரிப்பு என்று மாணவர் உழைக்கும் நேரம் முழுவதும் இதில் அடங்கும். கல்லூரி கட்டணம் வாங்குவதும், மாணவர் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் (பி.டி.பி.டி.என்.) கடன் எடுப்பதும் இந்த நேரத்துக்காகத்தான். அது பாடத்துக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் வழி உங்கள் விதிகளில் இருக்க வேண்டும். இந்த மடல் கேட்பது அதைத்தான்.

‘எங்கள் பாடத்திட்டத்துக்கு மலேசியத் தகுதி முகவையின் (எம்.கியூ.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2007ஆம் ஆண்டின் 679ஆம் சட்டப்படி அமைந்த அந்த அமைப்பு, பாடத்திட்ட உருவாக்கம், மதிப்பீடு, மாணவர் ஆதரவு, விரிவுரையாளர், கற்றல் வளம், நிர்வாகம், தொடர் மேம்பாடு என்று ஏழு துறைகளில் ஒரு பாடத்திட்டத்தை எடைபோடுகிறது. திறந்தநிலைத் தொலைக்கல்விக்குத் தனி நடைமுறை விதிநூலும் வைத்திருக்கிறது. ஆனால் தற்காலிக அங்கீகாரம் தரப்படும்போது அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு மாணவர்கூடச் சேர்ந்திருக்க மாட்டார். முழு அங்கீகாரத்துக்கான ஆய்வோ முதல் அணி இறுதியாண்டை எட்டிய பிறகுதான். இடைப்பட்ட காலத்தில், ஏழாவது வாரத்தில் இரவு பத்து மணிக்குச் செந்தூலில் ஒரு மாணவர் கைப்பேசியைத் திறக்கும்போது அங்கே என்ன இருக்கிறது என்பதை எந்தக் கோப்பும் சொல்லாது. அது உங்கள் பொறுப்பு.

கற்றல் நேர அட்டவணை எப்படி நிரப்பப்படுகிறது என்பது இத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். போன ஆண்டுப் பாடத்தின் அட்டவணையைத் திறப்பார்கள், தலைப்பை மாற்றுவார்கள், கூட்டுத்தொகை 120 வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் ‘சுயகற்றல்’ வரியில் எண்ணைக் கூட்டிச் சரிக்கட்டுவார்கள். அந்த வரி ஓர் உண்டியல் மாதிரி. எதை வேண்டுமானாலும் போடலாம். கோயில் உண்டியலையாவது அவ்வப்போது திறந்து எண்ணுகிறார்கள்.

எனவே முதல் விதி இப்படி இருக்கட்டும்: ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்கத்திலும் வாரவாரியான நேரக்கணக்கு, மாணவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 14 வாரப் பருவத்தில் ஒரு வாரம் மீள்பார்வைக்குப் போனால் 13 வாரம் மிஞ்சும். வாரத்துக்கு எட்டரை மணி என்று வைத்தால் 110 மணி 30 நிமிடம். மீதி ஒன்பதரை மணி நேரம் மீள்பார்வைக்கும் இறுதித் தேர்வுக்கும். அந்த எட்டரை மணியை எப்படிப் பிரிப்பது? எங்கள் கைக்கணக்கு இது. ஏழெட்டு நிமிடக் காணொலிகள் நான்கு: ஓடும் நேரம் அரை மணிதான், நிறுத்திக் குறிப்பெடுப்பதைச் சேர்த்து ஒரு மணி. வாசிப்பு 25 பக்கம்: புதிய கருத்துகள் நிறைந்த பாடநூலை இரண்டாம் மொழியில் படிப்பவர் குறிப்பெடுத்துக்கொண்டே மணிக்குப் பத்துப் பக்கம்தான் போவார், ஆக இரண்டரை மணி. பயிற்சிக் கணக்குகள் ஒன்றரை மணி, நேரலை வகுப்பு ஒரு மணி, கலந்துரையாடலில் படித்து எழுத முக்கால் மணி, குறுந்தேர்வு கால் மணி, இடுபணிக்கு ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள், எட்டரை வரும். கணக்கியலில் வாசிப்பு குறைந்து பயிற்சி கூடும். சட்டப் பாடத்தில் நேர்மாறு. விகிதம் மாறலாம். எந்த மணிக்கும் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது.

எழுதிவிட்டால் போதாது, நடத்திப் பார்க்க வேண்டும். பாடம் திறப்பதற்கு ஆறு வாரம் முன்னதாக, மூன்றாவது வாரப் பகுதியையும் எட்டாவது வாரப் பகுதியையும் அந்தத் துறையைச் சேராத மூன்று பேரிடம் கொடுங்கள். முந்தைய அணியின் மாணவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் செலவிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். மூவரில் நடுவில் வருபவரின் கணக்கை எடுங்கள். அறிவித்த நேரத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் பாடம் திரும்பிப் போக வேண்டும். முதல் வாரத்தைச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள். எல்லாரும் முதல் வாரத்தை அழகாகத்தான் செய்வார்கள். எட்டாவது வாரத்தில்தான் வேலை அவசரம் தெரியும்: பெயர் மாற்றாமல் ஏற்றிய கோப்பு, எங்கும் போகாத இணைப்பு, ‘விரைவில்’ என்று எழுதிய வெற்றுப் பக்கம்.

இந்தச் சோதனையைக் கைப்பேசியில்தான் செய்ய வேண்டும். அலுவலக அறையின் அகலத்திரையில் எல்லாப் பாடமும் நன்றாகத்தான் தெரியும்.

ஆனால் நேரத்தை அளக்கக் கற்றல் தளத்தின் பதிவேட்டை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினாலும் அது படிப்பாகவே பதிவாகும்; கோப்பைத் தரவிறக்கி நான்கு மணி நேரம் படித்தவருக்கு நான்கு நிமிடம்தான் காட்டும். வார இறுதியில், பெயர் கேட்காமல், ‘இந்த வாரம் எத்தனை மணி நேரம் ஆனது? எங்கே சிக்கியது?’ என்று இரண்டே கேள்வி கேட்டால் பதிவேடு சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

காணொலி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். நேரலை வகுப்பின் இரண்டு மணி நேரப் பதிவை அப்படியே ஏற்றிவிட்டு ‘விரிவுரை’ என்று பெயர் வைக்கும் வழக்கத்தை விதி போட்டே நிறுத்துங்கள். அதில் முதல் பத்து நிமிடம் ‘சத்தம் கேட்குதா?’ என்பதிலேயே போயிருக்கும். எட்எக்ஸ் என்ற இயங்கலைப் பாடத் தளத்தில் 69 இலட்சம் காணொலிப் பார்வை அமர்வுகளை அலசி, பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் மாணவர் தங்கும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவை கட்டணமில்லாப் பாடங்கள்; பணம் கட்டியவர் இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டுவார். அதற்காக இரண்டு மணி நேரம் பொறுக்க மாட்டார். ஒரு கருத்துக்கு ஒரு காணொலி, ஆறு முதல் ஒன்பது நிமிடம், தலைப்பு ஒரு கேள்வியாக, முடிவில் ஒரு பயிற்சி வினா. படப்பிடிப்புக் கூடத்தில் செலவழிப்பதைவிடச் சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றை வாங்கி, குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்வது மேல். படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் இரைந்தால் மூடிவிடுவார்.

தரவுச் செலவையும் கணக்கில் சேருங்கள். நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 675 மெகாபைட் தின்னும். 500 கிலோபிட் என்றால் 225. அதே பேச்சை 64 கிலோபிட் ஒலிக்கோப்பாகக் கொடுத்தால் 29தான். பலகையில் கணக்குப் போடும் பகுதிக்குப் படம் வேண்டும். நிர்வாகவியல் கோட்பாட்டை விளக்கும் பகுதிக்கு ஒலியும் இரண்டு பக்கக் குறிப்பும் போதும். அந்த ஒலியை எல்.ஆர்.டி.யில் நின்றுகொண்டே கேட்கலாம்.

நேரலை வகுப்புக்கு வருகைப்புள்ளி தரும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் சுழற்சி முறையில் வேலை செய்பவருக்கு இரவு எட்டு மணி வகுப்பு ஒரு வாரம் முடியும், அடுத்த வாரம் முடியாது. அவர் இயங்கலைப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததே இதனால்தானே? ஒரே வகுப்பை இரண்டு நேரங்களில் நடத்துங்கள், அல்லது பதிவைப் பார்த்து மூன்று வினாவுக்கு விடை எழுதினால் அதே புள்ளி என்று வையுங்கள். நாள்காட்டி விஷயமும் உண்டு. தைப்பூசத்தன்று இரவு 11.59க்கு இடுபணிக் கெடு வைத்தால், மாணவர்களில் ஒரு பகுதியினர் அப்போது பத்துமலையின் 272 படிகளில் ஏதோ ஒரு படியில் இருப்பார்கள். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. நாள்காட்டியைப் பார்க்காமல் கெடு வைப்பதால் நடக்கிறது.

அடுத்தது பின்னூட்டம். இதில் நல்லெண்ணம் போதாது, பெருக்கல் வாய்ப்பாடு வேண்டும். ஒரு இடுபணியைப் படித்து உருப்படியாக நான்கு வரி எழுத 15 நிமிடம் ஆகும். 60 மாணவர் என்றால் 15 மணி நேரம். பருவத்தில் மூன்று இடுபணி என்றால் 45 மணி நேரம். அதே பயிற்றுநருக்கு நான்கு பாடம் கொடுத்தால் 180 மணி நேரம், அதாவது 14 வாரமும் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 13 மணி நேரம் திருத்துவதற்கு மட்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ‘ஏழு வேலை நாளில் பின்னூட்டம்’ என்று விதி எழுதினால் கிடைப்பது ‘நன்று, மேலும் முயல்க’. விதியை இப்படி எழுதுங்கள்: பின்னூட்டம் ஏழு வேலை நாளுக்குள், அடுத்த இடுபணிக் கெடுவுக்குக் குறைந்தது ஐந்து நாளுக்கு முன், அதற்கு ஏற்ற வேலைப்பளு பயிற்றுநருக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த இடுபணியை அனுப்பிய பிறகு வரும் பின்னூட்டம் யாருக்கும் உதவாது. திருத்தும் நேரம் கிடைக்காவிட்டால் இடுபணிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறையுங்கள். தரம் குறைந்துவிடாது, கூடும்.

மதிப்பீட்டில் இரண்டு ஓட்டைகள். ஒன்று வினாக் களஞ்சியம். 20 வினாவிலிருந்து ஆளுக்குப் பத்து எடுத்துக் கொடுத்தால், எந்த இரண்டு மாணவருக்கும் சராசரியாக ஐந்து வினா பொதுவாக இருக்கும். காலையில் எழுதியவர் திரையைப் பிடித்த படம் மதியத்துக்குள் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு வந்துவிடும். 60 வினா இருந்தால் பொது வினா இரண்டுக்கும் கீழே இறங்கும். வினா எழுத ஆள் இல்லை என்றால், ஒரே வினாவில் எண்களை மாற்றித் தரும் வசதி பெரும்பாலான கற்றல் தளங்களில் உண்டு; கணக்கியலுக்கும் புள்ளியியலுக்கும் அது போதும்.

இன்னொன்று, இயந்திரம் எழுதித் தரும் கட்டுரை. இதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவரைத் தண்டிக்காதீர்கள். இரண்டாம் மொழியில் எளிய வாக்கியங்களாக எழுதுபவரை அது தவறாகச் சுட்டுவதுண்டு. அதைவிட நம்பகமானது வாய்மொழி வினவல். இடுபணியைத் திறந்து வைத்து, ‘மூன்றாவது பத்தியில் இந்த முறையை ஏன் தேர்ந்தீர்கள்?’ என்று கேட்க ஆளுக்கு ஏழு நிமிடம் போதும். 60 பேருக்கு ஏழு மணி நேரம் ஆகும். மேலே சொன்ன வேலைப்பளுவில் இதையும் சேர்த்துவிட வேண்டும். எல்லா இடுபணிக்கும் தேவையில்லை, பருவத்துக்கு ஒன்று போதும்.

தேர்வின்போது வீட்டுக் கேமராவை இயக்கச் சொல்லும் கல்லூரிகள், 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பதிவு எதற்கு, யார் பார்ப்பார், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். தேவை முடிந்த பிறகும் தரவை வைத்திருப்பது அந்தச் சட்டத்தின் நெறிக்கு மாறானது. சின்ன அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது கேமராவுக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பது எழுதத்தான் சுலபம்.

தமிழில் பாடப்பொருள் வைத்திருக்கும் பாடங்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். இவை எந்தப் பொதுச் சரிபார்ப்புப் பட்டியலிலும் வருவதில்லை. தஸ்கி, தாப் என்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டிய குறிப்புகள் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது தமிழே அல்ல. தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் உளறும், ஒப்புமை காணும் மென்பொருள் கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். கோடிட்ட இடத்தில் மாணவர் சரியாக எழுதிய ‘தொடர்’ தவறு என்று குறிக்கப்படுவது இதனால்தான். விசைப்பலகைச் செயலி வேறாக இருந்தால் போதும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடுச் சீராக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் ‘கௌரவம்’ தீராது: பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்புடன் ளகரத்தைத் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதுவார்கள். அதை எந்தச் சீராக்கமும் பிடிக்காது. ஏற்கத்தக்க விடைகளின் பட்டியலில் அதையும் கையால் சேர்க்க வேண்டும். தமிழ்ப்பாடக் குறுந்தேர்வில் தமிழைச் சரியாக எழுதியவருக்குப் புள்ளி போவதைவிடக் கசப்பான பிழை வேறு இல்லை.

எல்லாருக்கும் எட்டும்படி அமைப்பது பற்றிச் சுருக்கமாக: மாற்றுத்திறனாளரும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையின் இரண்டாம் நிலையை (ஏஏ) பின்பற்றினால் போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வேறுபாடு, பதிவுசெய்த காணொலிக்கு வசனவரி, படத்துக்கு எழுத்து விளக்கம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும் நம் பேச்சைத் தானியங்கி வசனவரி சிதைத்துவிடும். காணொலியின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆள்தான் திருத்த வேண்டும். காணொலி குட்டையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். வருடிய (ஸ்கேன் செய்த) புத்தகப் பக்கங்களை வெறும் படமாக ஏற்றாதீர்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் கல்விக்கும் பொருந்தும்.

பாடங்கள் பழசாவதும் ஒரு தரக் குறைவுதான். வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தை 48லிருந்து 45 மணியாகக் குறைத்தது; மகப்பேற்று விடுப்பை 60லிருந்து 98 நாளாக்கியது. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு ஆறிலிருந்து எட்டு விழுக்காடானது. மனிதவளப் பாடத்தின் காணொலியில் 48 என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு எண்ணுக்காக முழுக் காணொலியையும் மறுபடி எடுக்க வேண்டும். செலவு என்பதால் யாரும் எடுக்க மாட்டார்கள். பிறகு 45 என்று சரியாக எழுதிய மாணவருக்குக் குறுந்தேர்வு ‘தவறு’ என்று சொல்லும். இதற்கு மருந்து வடிவமைப்பில் இருக்கிறது: மாறக்கூடிய எண், விகிதம், சட்டப்பிரிவு எதையும் காணொலியில் சொல்லாதீர்கள். ‘தற்போதைய அளவைக் கீழே உள்ள பக்கத்தில் பாருங்கள்’ என்று சொல்லி அதை எழுத்துப் பக்கத்தில் வையுங்கள். திருத்த ஐந்து நிமிடம் ஆகும். பக்கத்தின் அடியில் ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ இருக்கட்டும். வரவுசெலவுத் திட்டம் தாக்கலான பிறகு ஒருமுறை, பருவம் தொடங்கும் முன் ஒருமுறை யார் பார்க்க வேண்டும் என்பதைப் பதவியின் பெயரால் எழுதுங்கள். ‘துறை பார்த்துக்கொள்ளும்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் இப்போது தரம் என்று நம்பியிருக்கும் பருவ இறுதிக் கருத்தாய்வு. 14ஆவது வாரத்தில் அதை நிரப்புபவர் 14 வாரம் தாக்குப்பிடித்தவர். நான்காவது வாரத்தில் போனவர் எந்தக் கட்டத்திலும் வட்டமிடவில்லை. ஐந்துக்கு 4.3 என்ற சராசரியைச் சுவரில் மாட்டுவதற்கு முன், தொடங்கியவர் எத்தனை, எழுதியவர் எத்தனை என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். முதல் மூன்று வாரத்துக்குள் ஏழு நாள் தொடர்ந்து உள்நுழையாதவரை 72 மணி நேரத்துக்குள் ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். தானியங்கி மின்னஞ்சலை அவர் திறக்க மாட்டார். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: கடவுச்சொல் மறந்திருக்கும், பாடநூல் வந்திருக்காது, எங்கே தொடங்குவது என்று தெரிந்திருக்காது. முதல் மாதத்தில் இது ஐந்து நிமிட அழைப்பு. மூன்றாவது மாதத்தில் விலகல் படிவம்.

எல்லாப் பாடங்களையும் ஒரே பருவத்தில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு பாடத்தில் தொடங்குங்கள்: நேரக்கணக்கை முதல் பக்கத்தில் போட்டு, இரண்டு வாரப் பகுதியை வெளியார் மூவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தருவதைத் திருத்தாமல் அடுத்த கல்வி மன்றக் கூட்டத்தில் வையுங்கள். எந்தப் பாடத்தில் என்று கேட்டால், ஆண்டுதோறும் அதிகம் பேர் தோற்கும் முதலாண்டுப் பாடத்தில். பெரும்பாலும் அது கணக்கியலாகவோ புள்ளியியலாகவோ இருக்கும்.

இப்படிக்கு,
இயங்கலைப் பாட வடிவமைப்பிலும் மதிப்பீட்டிலும் பணிபுரியும் விரிவுரையாளர்கள் சிலர்,
கோலாலம்பூர்